தளபதி போட்ட கையெழுத்து

வாஷிங்டனை நம் தோழர்கள் அனைவரும் அறிவர். அமெரிக்க விடுதலைப் போரை நடத்திய பெருந்தலைவர். அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர். அந்தப் போரில் அவருக்கு அடுத்தபடியாகப் பெயர் பெற்ற தளபதி நத்தானியல் கிரீன் என்பவரை நம் பக்கத்தில் அறிந்தவர் சிலரே. அவர் நின்ற களங்களைப் பற்றி அமெரிக்கர்கள் அடுக்கடுக்காக நூல்கள் எழுதியிருக்கிறார்கள். நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது களத்தைப் பற்றி அல்ல. அவர் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றி. பீரங்கிக்குத் தப்பிய அந்த வீரரைப் பத்திரம் விடவில்லை. அவர் மண்ணுக்குள் போன பிறகும் அவர் மனைவி மக்களை அது விடவில்லை.

கிரீன் 1742-ல் ரோட் ஐலண்டு என்ற சிறிய குடியேற்ற நாட்டில் பிறந்தவர். குவேக்கர் குடும்பம், போரே பாவம் என்று போதிக்கும் சமயப் பிரிவு அது. தகப்பனாருக்கு இரும்புப் பட்டறை. மகனும் அதிலே சம்மட்டி பிடித்தவர்தான். பள்ளிப் படிப்பு சொற்பம். புத்தகப் பித்து மட்டும் அதிகம். கால் சற்று நொண்டி. 1774-ல் ஊரில் தொண்டர் படை திரட்டினார்கள். அதைத் திரட்ட முன்னின்றவர்களில் இவரும் ஒருவர். ஆனால் நொண்டி நடப்பவர் அதிகாரியாக இருந்தால் அணிவகுப்பின் அழகு கெடும் என்றார்கள். மனிதர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. அதே படையில் சாதாரணச் சிப்பாயாகத் துப்பாக்கி ஏந்தி நின்றார்! மறு ஆண்டே ரோட் ஐலண்டுப் படை முழுவதற்கும் அவரைத் தளபதியாக்கினார்கள்.

1778 முதல் 1780 வரை படைக்கு வண்டி, குதிரை, கூடாரம் சேகரிக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அந்த வேலைக்குத் தரகு உண்டு, அவரும் வாங்கினார். அன்றைய சட்டம் அதற்கு இடம் கொடுத்தது என்றாலும், ஏச்சும் பேச்சும் எழாமல் இல்லை. வந்த பணத்தைக் கப்பல் வணிகத்தில் போட்டு இழந்தார். ஆகவே அவரை மாசு மறுவற்ற மகான் என்று நாம் கொண்டாட வரவில்லை.

1780 டிசம்பரில் தெற்குப் படையின் தலைமை அவர் கைக்கு வந்தது. வந்தது படையா, பஞ்சைப் பராரிகளின் கூட்டமா என்று கேட்கும் நிலை! கேம்டன் என்ற ஊரில் முந்தைய தளபதி தோற்றோடிய பிறகு எஞ்சியிருந்த கூட்டம் அது. கிரீன் சண்டை போட்டார், பின்வாங்கினார், மறுபடி சண்டை போட்டார். அவர் நேரில் நடத்திய பெரும் போர்களில், களத்தைக் கைப்பற்றினார் என்று அடித்துச் சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. ஆனால் 1781 மார்ச்சில் கில்ஃபோர்டு என்ற இடத்தில் அவரை ‘வென்ற’ காரன்வாலிஸ், தன் படையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைப் பறிகொடுத்துவிட்டுத்தான் வென்றான். அந்த ஆண்டு அக்டோபரில் யார்க்டவுனில் சரணடைந்தான். இந்தக் காரன்வாலிஸ் யார் தெரிகிறதா? பிறகு நம் நாட்டுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து, திப்பு சுல்தானோடு போரிட்டு, 1792-ல் பாரமகாலையும் திண்டுக்கல்லையும் எழுதி வாங்கிக்கொண்ட அதே காரன்வாலிஸ்தான்.

யார்க்டவுனோடு போர் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். தெற்கே முடியவில்லை. சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் வெள்ளைப் பட்டாளம் 1782 டிசம்பர் வரை உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிக் காவல் கிடந்த கிரீனின் வீரர்களுக்கு உடுக்கத் துணி இல்லை. மேல்சட்டை இல்லாத தோளில் துப்பாக்கி வார் உராய்ந்து புண்ணாகாமல் இருக்க, மரத்தில் தொங்கும் பாசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மானத்தை மறைக்க முழத்துணி இல்லாமல் கூடாரத்தை விட்டு வெளியே வர முடியாதவர்கள் நூற்றுக்கணக்கானோர். சம்பளமோ கண்ணில் கண்டதில்லை.

மத்திய ஆட்சி என்ன செய்தது? காங்கிரஸ் என்று ஒரு சபை இருந்தது. அதற்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. மாநிலங்களைக் கெஞ்ச வேண்டும். அவை மனம் வைத்தால் கொடுக்கும், இல்லாவிட்டால் கையை விரிக்கும். அது அச்சடித்த நோட்டு 1781-லேயே குப்பைக் காகிதமாகிவிட்டது. படைக்கு உடையும் உணவும் தருகிறேன் என்று முன்வந்தவன் ஜான் பாங்ஸ் என்ற வணிகன் ஒருவன். சார்ல்ஸ்டன் வியாபாரிகளிடம் அவன் சரக்கெடுக்க வேண்டும். அவனை நம்பி அவர்கள் தருவார்களா? அரசாங்கத்தை நம்பித் தருவார்களா? தளபதி கையெழுத்துப் போட்டால் தருகிறோம் என்றார்கள்.

போட்டார். அரசு போட வேண்டிய கையெழுத்தைத் தன் பெயரில், தன் சொத்தின் மேல், பல்லாயிரம் பவுனுக்கு ஜாமீனாகப் போட்டார்.

மாநாட்டுப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கழகத்தின் பெயரில் கடன் கிடைக்காதபோது, தன் பெயரில் கடன் சொல்லிவிட்டு, பிறகு வீட்டு வாசலில் கடன்காரன் வந்து நிற்கும்போது தலைகுனியும் கிளைச் செயலாளரை நாம் பார்த்திருக்கிறோம். ஆலைத் தோழனுக்காகக் கூட்டுறவு சங்கத்தில் ஜாமீன் நின்று, மாதாமாதம் தன் கூலியில் பிடித்தம் கொடுப்பவரையும் பார்த்திருக்கிறோம். கிரீனின் நிலை அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

துணி வந்தது; வீரர்கள் உடுத்தினார்கள். ஆனால் பாங்ஸ், கடனை அடைக்க வேண்டிய பணத்தைத் தன் சொந்தச் சூதாட்ட வாணிபத்தில் போட்டான். போதாக்குறைக்கு, அவனுக்கு மறைமுகப் பங்காளிகள் இருந்தார்கள் என்பதும், அவர்களில் ஒருவர் கிரீனின் துணை அதிகாரியே என்பதும் வெளிப்பட்டது. தளபதிக்கும் பங்கு உண்டு என்று ஊர் பேசியது. இல்லை என்று பாங்ஸே பிரமாண வாக்குமூலம் கொடுத்தான். வாய்ப்பேச்சை வாக்குமூலம் தடுக்குமா? 1784-ல் கிரீன் குதிரை ஏறி அவனைத் தேடிப் பல நூறு மைல் போனார். போய்ச் சேர்ந்தபோது அவனைப் புதைத்துவிட்டிருந்தார்கள்! சரக்கு கொடுத்தவர்கள் ஜாமீன்தாரர் பக்கம் திரும்பினார்கள்.

தெற்கு மாநிலங்கள் நன்றிக்கடனாக அவருக்கு நிலம் வழங்கியிருந்தன. ஜார்ஜியா மாநிலம் கொடுத்தது, சவன்னா நகருக்கு அருகில் மல்பரி குரோவ் என்ற பண்ணை. வெள்ளையரசின் துணை கவர்னராக இருந்தவரிடமிருந்து பறிமுதலானது. அங்கே நெல் விளையும். விளைவிப்பது யார்? அடிமைகள். 1782-ல் கறுப்பு அடிமைகளுக்கு விடுதலை கொடுத்துப் படையில் சேர்க்கலாம் என்று தென் கரோலினா ஆட்சிக்கு யோசனை சொன்னவர் இதே கிரீன். பண்ணை முதலாளிகளின் சட்டசபை அதை உதறித் தள்ளியது. அப்படிப்பட்டவர், கடன் நெருக்கியதும், தானே அடிமைகளை வாங்கி நெல் விளைவித்து மீளப் பார்த்தார். விடுதலைப் போரின் தளபதி! இதை மறைத்து எழுத நமக்கு மனம் வரவில்லை.

1785 ஆகஸ்டில் காங்கிரசுக்கு மனு அனுப்பினார். படைக்காகப் பட்ட கடன், நாடு ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். மனு கிடப்பில் கிடந்தது. 1786 ஜூனில் கடன்காரர் ஒருவரைக் கண்டு தவணை பேசச் சவன்னா போனார். திரும்பும் வழியில் ஒரு பண்ணையின் நெல் வயலை உச்சி வெயிலில் நடந்து பார்த்தார். தலைவலி கண்டது, மூளை கொதித்தது, ஜூன் 19-ல் உயிர் போயிற்று. வயது 43.

மனைவி காதரீனுக்கு ஐந்து குழந்தைகள். மூத்த பையனுக்கு வாஷிங்டனின் பெயர். மூத்த பெண்ணுக்கு அவர் மனைவி மார்த்தாவின் பெயர். பெயருக்குக் குறைவில்லை, பணத்துக்குத்தான்! ஆனால் அந்த அம்மையார் முக்காடிட்டு மூலையில் முடங்கவில்லை. பண்ணையை நடத்தினார். பிள்ளைகளின் ஆசிரியர் பினியாஸ் மில்லரைக் கணக்குப் பார்க்க வைத்தார். கணவரின் கடிதங்களையும் பத்திர நகல்களையும் வாக்குமூலங்களையும் சேர்த்துக் கட்டினார். புதிய அரசியல் சட்டத்தின்படி வரி போடும் வலிமையுள்ள ஆட்சி 1789-ல் அமைந்தது. 1790-ல் அதன் முன் மனுவை வைத்தார். ஜார்ஜியாவிலிருந்து தலைநகர் வரை நெடுந்தொலைவு தானே பயணப்பட்டு, உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கண்டு பேசினார்.

எதிர்த்தவர்கள் சொன்னதை அப்படியே அலட்சியப்படுத்திவிட முடியாது. ஜாமீன் போடும்படி அவருக்கு யார் உத்தரவிட்டது? போட்டவுடன் ஏன் அரசுக்கு அறிவிக்கவில்லை? பாங்ஸோடு பங்கில்லை என்பதற்கு என்ன உறுதி? ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு நூறு பேர் வந்து நிற்பார்களே! பொதுப்பணத்தைக் காப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் முன்னணியில் நின்று எதிர்த்தவர்களில் ஒருவர் தாமஸ் சம்டர். போர்க்காலத்தில் கிரீனோடு மனத்தாங்கல் கொண்ட கரோலினாக்காரர். இறந்தவர்மீது பழைய பகை தீர்க்கச் சபையைப் பயன்படுத்தினார் என்பதே நம் கருத்து. பரிந்து பேசியவர் அந்தோனி வெய்ன், கிரீனின் சாவுப் படுக்கை அருகே இருந்த தோழர். பாவம், அவர் தேர்தலில் நடந்த ஊழலுக்காகச் சபை 1792 மார்ச்சில் அவர் இடத்தையே பறித்துவிட்டது!

மனு நிதியமைச்சர் ஹாமில்ட்டனிடம் போயிற்று. 1791 டிசம்பர் 26-ல் அறிக்கை தந்தார். பத்திரம் எப்போது, எந்த நெருக்கடியில், யாருக்காகப் போடப்பட்டது என்பதையும், தனக்குத் தீங்கு வரும் என்று கிரீன் தொடக்கத்தில் எண்ணாததே தாமதத்துக்குக் காரணம் என்பதையும் எடுத்துக்காட்டினார். சபை வாதாடியது, நிறைவேற்றியது. 1792 ஏப்ரல் 27-ல் வாஷிங்டன் கையெழுத்திட்டுச் சட்டமாக்கினார். ஒரு கையெழுத்தின் சுமையை இறக்க இன்னொரு கையெழுத்துக்கு ஆறாண்டுக்கு மேல்! கிடைத்தது சுமார் 47,000 டாலர். அதிலும், கிரீன் பாங்ஸின் பங்காளி அல்ல, முன்பே ஈடு பெறவில்லை என்று பொக்கிஷ அதிகாரிகள் விசாரித்துத் திருப்தி அடைய வேண்டும் என்ற நிபந்தனை. மற்றொரு பத்திரத்துக்கு மறுபடி மனு. 1796-ல்தான் அதற்குச் சட்டம்.

இங்கே நாம் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியாது. தளபதி யாருக்குத் துணி வாங்கினாரோ, அந்தச் சிப்பாய்கள் என்ன ஆனார்கள்? சம்பளத்துக்குப் பதில் அவர்களுக்குச் சீட்டு கொடுத்தார்கள். பசி பொறுக்காமல் அதை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். 1790-ல் அரசு அந்தச் சீட்டுக்கு முழு மதிப்பு கொடுக்க முன்வந்தது; கொடுத்தது சிப்பாய்க்கு அல்ல, சீட்டை வாங்கிக் குவித்த வணிகனுக்கு! முதலில் பெற்ற வீரனுக்கும் பங்கு கொடுங்கள் என்று மாடிசன் வாதாடினார், தோற்றார். அந்தத் திட்டத்தின் கர்த்தாவும் இதே ஹாமில்ட்டன்தான். சிப்பாயின் விதவைக்கு ஓய்வூதியம் என்று பொதுவாக ஒரு சட்டம் வந்தது 1836-ல். காதரீன் அம்மையாருக்கு வாஷிங்டனைத் தெரியும், ஹாமில்ட்டனைத் தெரியும். சிப்பாயின் மனைவிக்கு யாரைத் தெரியும்?

பணம் வந்தும் அந்தக் குடும்பம் நிமிரவில்லை. எலி விட்னி என்ற இளைஞர் அதே மல்பரி குரோவில் தங்கி, 1793-ல் பஞ்சு கடையும் இயந்திரத்தைச் செய்தார். அதனால் பருத்தி பெருகியது. பருத்தியோடு அடிமை வியாபாரமும் பெருகியது. அந்த ஆண்டே மூத்த மகன் சவன்னா ஆற்றில் மூழ்கி மாண்டான். மில்லரை அம்மையார் 1796-ல் மணந்துகொண்டார். இயந்திர வாணிபத்திலும் நில வாணிபத்திலும் பணம் கரைந்தது. மல்பரி குரோவ் கைவிட்டுப் போயிற்று. கம்பர்லாந்துத் தீவில் குடியேறி, அங்கேயே 1814-ல் காதரீன் காலமானார்.

கிரீனுக்குச் சவன்னாவில் நினைவுத்தூண் எழுப்ப 1825-ல் லஃபாயத்து வந்து அடிக்கல் நாட்டினார். அப்போது தூணுக்கு அடியில் வைக்க உடல் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. பலருடைய கல்லறைகள் இருந்த இடுகாட்டில் எந்த அறையில் வைத்தார்கள் என்பதே மறந்து போயிருந்தது. 1901-ல்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள். மகனின் எலும்புகளும் அதே அறையில் கிடந்தன. 1902-ல் இருவரையும் எடுத்துப்போய் அந்தத் தூணின் கீழ் அடக்கம் செய்தார்கள்.