இரைச்சலோடு மல்லுக்கட்டிய கிரஹாம் பெல்... உங்க வீட்டு கேபிளுக்குள் ஒரு 1881 கதை!

மிக்ஸியை ஆன் பண்ணினா இன்டர்நெட் தடுமாறுதா? பழைய டெலிபோன் லைன்ல பிராட்பேண்ட் வெச்சிருந்தவங்களுக்கு இது புதுசில்லை. மிக்ஸி மோட்டாருக்குள்ள கார்பன் பிரஷ் உரசும்போது பொறி பறக்கும். அந்தப் பொறி ஒவ்வொண்ணும் ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன் மாதிரிதான். அதிலிருந்து கிளம்புற அலை பக்கத்தில் போகும் கம்பியில் ஏறிக்கும். நமக்கு அது காதில் விழாது, மோடத்துக்கு விழும்.

ஒரே ஒரு வீட்டுப் பொருள் ஒரு ஊரையே படுத்தி எடுத்த கதையும் உண்டு. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அபெர்ஹோசன்னு ஒரு சின்ன கிராமம். தினமும் காலை 7 மணிக்கு அங்கே பிராட்பேண்ட் படுத்துவிடும். கேபிளை மாத்தியும் சரியாகலை. 18 மாசம் கழிச்சு, 2020-ல், அளவுக் கருவியைத் தூக்கிக்கிட்டு தெருத்தெருவா நடந்த இன்ஜினீயர்கள் காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க. ஒரு வீட்டில் காலையில் போடுற பழைய டி.வி.!

இந்த இரைச்சலுக்கு எதிரா நம்ம கேபிளுக்குள்ள ஒரு ஏற்பாடு இருக்கு. அது 140 வருஷத்துக்கும் மேல் பழசு. அதுக்கு பேட்டன்ட் வாங்கியவரை உங்களுக்கு நல்லாவே தெரியும், ஆனா வேற காரணத்துக்காக. அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்.

1847 மார்ச் 3-ம் தேதி ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார் பெல். அப்பா பேச்சுப் பயிற்சி ஆசிரியர். அம்மா எலைசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. மற்றவர்கள் அவரது காதுக்குழாயில் கத்திப் பேசுவார்கள். சின்னப் பையன் பெல்லோ அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்துத் தணிந்த குரலில் பேசுவார். அந்த அதிர்வு அம்மாவுக்குப் புரிந்தது. கேட்காத காதுக்குள் எப்படியாவது குரலைக் கொண்டுபோவது என்பதுதான் இவருடைய வாழ்நாள் வேலை. டெலிபோன்கூட அதிலிருந்து கிளைத்ததுதான்.

அண்ணன், தம்பி இருவரையும் காசநோய் கொண்டுபோனது. மிச்சமிருந்த ஒரே பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்று 1870-ல் பெற்றோர் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். அடுத்த வருஷம் பெல் பாஸ்டனுக்கு வந்து காது கேளாதோருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அங்கே மாணவியாக வந்த மேபல் ஹப்பர்டைத்தான் பிறகு திருமணம் செய்துகொண்டார். ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் மேபலுக்குக் கேட்கும் திறன் போயிருந்தது. 1876-ல் டெலிபோன் பேட்டன்ட், அதே நாளில் எலிஷா கிரேவும் விண்ணப்பித்ததால் எழுந்த சண்டை, பக்கத்து அறையிலிருந்த உதவியாளர் வாட்சனைக் கம்பி வழியாகக் கூப்பிட்டது... இதெல்லாம் ஸ்கூல் புத்தகத்திலேயே படிச்சிருப்பீங்க. நாம அதைத் தாண்டிப் போவோம்.

டெலிபோன் வேலை செய்ய ஆரம்பித்ததுமே பெரிய தலைவலியும் ஆரம்பித்தது. அப்போதைய லைன் என்பது ஒரே ஒரு இரும்புக் கம்பி. மின்சாரம் திரும்பி வர பூமியே பாதை. தந்திக்கு அந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. டெலிபோனுக்கோ ரொம்ப நுணுக்கமான காது. பக்கத்துக் கம்பியில் போகும் தந்தியின் கட்டுக்கட கட்டுக்கட சத்தம், அடுத்த லைனில் பேசுபவரின் குரல், எங்கேயோ வெட்டும் மின்னல் எல்லாம் உள்ளே வந்துவிடும். ராத்திரியில் வாட்சன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, பறவை கீச்சிடுவது மாதிரியும் எதையோ உரசுவது மாதிரியும் கேட்கும் விநோத ஒலிகளை மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பாராம். ரேடியோ என்ற ஒன்றே பிறக்காத காலம் அது!

இதற்கு பெல் கண்ட வழி ரொம்ப எளிமையானது. ஒரு கம்பிக்குப் பதிலாக இரண்டு. குரல் ஒன்றில் போய் இன்னொன்றில் திரும்பட்டும். இரண்டையும் கயிறு திரிப்பது போல ஒன்றோடொன்று முறுக்கிவிட வேண்டும். முறுக்கினால் என்ன ஆகும்? வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்கு ஓர் இடத்தில் முதல் கம்பி பக்கத்தில் இருக்கும், ஒரு விரல் தள்ளிப் பார்த்தால் இரண்டாவது கம்பி பக்கத்தில் இருக்கும். மொத்தத்தில் இரண்டுமே ஒரே அளவு இரைச்சலை வாங்கும். மறுமுனையில் இருக்கும் கருவியோ இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் கேட்கும். ஒரே மழையில் ஒரே அளவு நனைந்த ரெண்டு பேரில் யார் அதிகம் நனைஞ்சாங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க? அப்படித்தான் இரைச்சல் கழிந்துபோகும், குரல் மட்டும் நிற்கும்.

இந்த முறுக்குக் கம்பிக்கான அமெரிக்க பேட்டன்ட் எண் 2,44,426. கிடைத்த தேதி 1881 ஜூலை 19. அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனிங்க. பெல்லின் வாழ்க்கையிலேயே மோசமான கோடைக்காலம் அது.

ஜூலை 2-ம் தேதி, வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ்-ரே இல்லாத காலம். டாக்டர்கள் கழுவாத விரலை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். பெல்லுக்கு ஒரு யோசனை தோன்றியது. லைன் இரைச்சலைப் போக்க, ஒன்றின் விளைவை இன்னொன்று அடித்துவிடும்படி இரண்டு கம்பிச்சுருள்களை வைத்துச் சோதனை செய்தபோது, பக்கத்தில் உலோகம் வந்தால் அந்தச் சமநிலை குலைந்து ரிசீவரில் சத்தம் கேட்பதைக் கவனித்திருந்தார். அதே வித்தையில் ஒரு மெட்டல் டிடெக்டரைச் செய்துகொண்டு வெள்ளை மாளிகைக்குப் போனார்.

முதல் தடவை கருவியில் ஓர் இணைப்பு தப்பாக இருந்ததால் ஒரே கரகரப்பு. ஆகஸ்ட் 1-ல் மறுபடியும் போனார். உடம்பில் எங்கே வைத்தாலும் லேசான சத்தம், தனியாகக் குண்டு என்று பிரிக்க முடியவில்லை. அதிபர் படுத்திருந்த மெத்தைக்கு அடியில் இரும்பு ஸ்பிரிங்குகள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. தலைமை டாக்டர் வேறு, குண்டு வலது பக்கம்தான் இருக்கும் என்று முடிவு கட்டி அந்தப் பக்கத்தை மட்டும்தான் தேட விட்டார். செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு முதுகெலும்புக்கு இடது பக்கம் இருந்தது. இந்தத் தோல்வியை பெல்லின் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பேன்.

இதற்கு நடுவே ஆகஸ்ட் 15-ல் மேபலுக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. எட்வர்டு என்று பெயர் வைத்தார்கள். மூச்சுவிட முடியாமல் அன்றைக்கே போய்விட்டது. துக்கத்தோடு உட்கார்ந்து பெல் செய்தது, மார்பைச் சுற்றி மாட்டி காற்றழுத்தத்தால் மூச்சுவிட வைக்கும் ஓர் உலோகக் கூடு. பிற்காலத்தில் போலியோ நோயாளிகளைக் காப்பாற்றிய இரும்பு நுரையீரலின் முன்னோடிகளில் ஒன்று அது.

முறுக்குக் கம்பியை உலகம் உடனே கொண்டாடவில்லை. ஒரு கம்பியை விட ரெண்டு கம்பிக்குச் செலவு அதிகமாச்சே! 1880-களின் கடைசியில் அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம்கள் ஓட ஆரம்பித்தன. அவையும் தண்டவாளம் வழியாக மின்சாரத்தை மண்ணுக்குள் விட, பூமியை நம்பிய டெலிபோன் லைன்கள் எல்லாம் இரைய ஆரம்பித்துவிட்டன. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் வேறு வழியில்லாமல் ரெட்டைக் கம்பிக்கு மாறின.

பெல்லுக்கே பெருமை எதில் தெரியுமா? டெலிபோனில் இல்லை, ஃபோட்டோஃபோனில். 1880-ல் வாஷிங்டனில் ஒரு பள்ளிக்கூட மொட்டை மாடியிலிருந்து தன் ஆய்வுக்கூட ஜன்னலுக்கு, சுமார் 213 மீட்டர் தூரம், சூரிய ஒளியில் குரலை அனுப்பிக் காட்டினார். குரலுக்கு ஏற்ப அதிரும் ஒரு கண்ணாடி, மறுமுனையில் வெளிச்சத்தை உணரும் செலினியம். அந்த வருஷம் பிறந்த மகளுக்கு ஃபோட்டோஃபோன் என்றே பெயர் வைக்க ஆசைப்பட்டாராம். நல்லவேளை, மேபல் தடுத்துவிட்டார்!

மேகம் மறைத்தாலே நின்றுபோன அந்தக் கருவி வியாபாரத்துக்கு உதவவில்லை. வெளிச்சத்தைத் தொலைதூரம் கொண்டுபோகும் கண்ணாடி இழை 1970-ல் வந்த பிறகுதான் அந்த யோசனைக்கு வழி பிறந்தது. இன்னைக்கு உங்க வீட்டுக்கு வர்ற ஃபைபர் இந்த வகையறாதான். கண்ணாடிக்குள் ஓடும் வெளிச்சத்தை மிக்ஸி மோட்டார் ஒண்ணும் செய்ய முடியாது.

பெல்லை ஒரேயடியாகத் தூக்கி வைக்கவும் முடியாது. காது கேளாதோர் சைகை மொழியை விட்டுவிட்டு வாயால் பேசத்தான் பழக வேண்டும் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். காது கேளாதோர் தங்களுக்குள் திருமணம் செய்துகொள்வதைக் குறையாகப் பார்த்து 1883-ல் ஓர் ஆய்வறிக்கையும் படித்தார். அந்தச் சமூகத்தில் பலருக்கு இன்றும் அவர் மேல் கோபம் உண்டு, நியாயமான கோபம்.

1922 ஆகஸ்ட் 2-ம் தேதி கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருந்த தன் வீட்டில் இறந்தார். அடக்கத்தின்போது வட அமெரிக்கா முழுக்க டெலிபோன்களை ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்தார்கள். அவருடைய படிப்பறையில் டெலிபோனே கிடையாது. வேலை கெட்டுவிடும் என்று வைக்கவிடவில்லை.

ஃபைபர் வந்துடுச்சே, இனிமே முறுக்குக் கம்பி எதுக்குன்னு கேக்கறீங்களா? மோடத்திலிருந்து உங்க கம்ப்யூட்டருக்குப் போகும் லேன் கேபிளை நறுக்கிப் பாருங்க. நாலு ஜோடிக் கம்பி இருக்கும், ஒவ்வொரு ஜோடியும் முறுக்கி இருக்கும். ஒரு ஜோடியின் சத்தம் இன்னொன்றில் ஏறாமலிருக்க, நாலுக்கும் முறுக்கின் நெருக்கம் வேறு வேறு. பிளக் மாட்டும்போது அந்த முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாதுன்னு கணக்கே இருக்கு. அடுத்த தடவை டெக்னீஷியன் வந்து விரல் நீளத்துக்குப் பிரிச்சா, கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க.