பூச்சு இல்லாத சுவர், பழைய ஓடு வைத்த கூரை... குறைந்த செலவில் வீடு கட்டிய லாரி பேக்கர் யார்?

சின்னதா ஒரு வீடு கட்டணும்னு விசாரிச்சா, முதல்ல வர்றது சதுர அடிக்கு எவ்வளவு என்ற கணக்குதான். அந்தக் கணக்கில் எதெல்லாம் தேவையே இல்லை என்று செங்கல் செங்கலாக யோசித்தவர் லாரி பேக்கர்.

1917 மார்ச் 2-ம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். அங்கேயே கட்டடக்கலை படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது துப்பாக்கி தூக்காமல், ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காக பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீடு கட்டும் பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தை பேக்கர் கடைசி வரை விடவில்லை.

1945-ல் தொழுநோயாளிகளுக்காக வேலை செய்ய இந்தியா வந்தார். 1948-ல் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத்துடன் திருமணம். இருவரும் இமயமலையில், பித்தோராகர் பகுதியில் மருத்துவமனை நடத்தினார்கள். அங்கே கல்லையும் மண்ணையும் வைத்து ஊர்க்காரர்கள் கட்டிய வீடுகள்தான் பேக்கருக்கு இரண்டாவது கல்லூரி. 1963-ல் கேரளா வந்து, பிறகு திருவனந்தபுரத்தில் தங்கிவிட்டார்.

சரி, செலவை எங்கே குறைத்தார்?

முதலில் சுவர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் காலி இடம் விட்டுக் கட்டுவார். 'ரேட் ட்ராப்' முறை என்பது இதுதான். சுமார் 25% செங்கல் மிச்சம். நடுவில் இருக்கும் காற்று வெயில் சூட்டையும் குறைக்கும். வெளியே பூச்சு கிடையாது, பெயின்ட்டும் கிடையாது. பல இடங்களில் ஜன்னலுக்குப் பதில், செங்கல்லிலேயே ஓட்டை விட்ட ஜாலி சுவர்.

அடுத்து கூரை. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. கம்பிகளுக்கு இடையில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து நிரப்பினார். சிமெண்ட் குறைந்தது, எடை குறைந்தது, அதனால் கம்பியும் குறைந்தது.

ஒன்று சொல்லணும். இது எந்தக் கொத்தனாருக்கும் உடனே கைவராது. பேக்கர் சைட்டிலேயே நின்று, கொத்தனார்களுக்குக் காட்டிக்கொடுத்துக் கட்டினார். பழக்கம் இல்லாத கையில் கொடுத்தால் மிச்சமாகும் காசு வீணாகிவிடும்.

காசைவிடப் பெரிய சிக்கல், கௌரவம். பூசாத சுவர் என்றால் ஏழை வீடு என்ற பார்வை அப்போதும் இருந்தது. அதை உடைத்தது 1970-களில் உள்ளூரில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம். பொருளாதார நிபுணர் கே.என்.ராஜ் தொடங்கிய நிறுவனம் அது. மீனவர்களுக்குக் கட்டிய அதே கையால், அதே செங்கல்லில் ஆராய்ச்சியாளர்களுக்கும் கட்டினார். அதன்பின் நடுத்தரக் குடும்பங்களும் அவரைத் தேடி வந்தன. தம்பானூரில் சுருள் சுருளாக மேலே ஏறும் இந்தியன் காபி ஹவுஸும் அவர் கட்டியதுதான். திருவனந்தபுரம் போனால் ஒரு காபி குடித்துப் பாருங்கள்.

1985-ல் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், கே.என்.ராஜ் ஆகியோருடன் சேர்ந்து காஸ்ட்ஃபோர்டு அமைப்பைத் தொடங்கினார். இந்தக் கட்டுமான முறைகளை அது இன்றும் செய்துவருகிறது. 1990-ல் பத்மஸ்ரீ வந்தது.

நாலாஞ்சிறையில் பாறை மேட்டில், மரத்தை வெட்டாமல், இடித்த வீடுகளின் பழைய மரச்சாமான்களை வாங்கி, தன் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தார் பேக்கர். 2007 ஏப்ரல் 1-ம் தேதி, 90 வயதில், அந்த வீட்டில்தான் காலமானார்.