பரங்கிமலையிலிருந்து யாழ்ப்பாணம் வரை

தாம்பரத்தில் மின்சார இரயில் ஏறிப் பட்டறைக்கும் அலுவலகத்துக்கும் போகும் நாம் பரங்கிமலையை நாள்தோறும் கடக்கிறோம். சீனப் போரில் பட்ட அடிக்குப் பின், 1963-இல், அந்த மலையடிவாரத்தில் தொடங்கியது இராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சிப் பள்ளி. 1972 சூன் 16 அன்று அங்கிருந்து அதிகாரியாக வெளிவந்தவர்தான் இராமசாமி பரமேசுவரன்.

1946-இல் பம்பாயில் பிறந்த தமிழர். அவர் சேர்ந்ததோ மகார் காலாட்படை! தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மகார் மக்களுக்கு வெள்ளையர் ஆட்சி படையின் கதவைச் சாத்தியிருந்தது. அம்பேத்கர் வாதாடினார், 1941-இல் அவர்கள் பெயராலேயே படை பிறந்தது. பின்னாளில் எல்லாச் சாதியினரும் அதில் சேர்ந்தனர். அந்தப் படையில்தான் அவர் மேசராக உயர்ந்தார்.

1987 சூலை 29. கொழும்பில் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் கையெழுத்திட்டனர். அமைதி காக்கச் சென்ற படை அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. எந்தப் போராளிகளுக்கு இந்திய மண்ணில் பயிற்சி தரப்பட்டதோ, அவர்களோடுதான் போர்! அம்மாதம் 21-ஆம் நாள் யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவரும் நோயாளிகளும் இந்தியத் துருப்புகளின் குண்டுக்குப் பலியாயினர். இதை மறைத்துவிட்டு அந்தப் போரின் வரலாற்றை எழுத முடியாது.

நவம்பர் 25. தேடுதல் முடித்து இரவில் திரும்பிய பரமேசுவரனின் அணியைப் பதுங்கியிருந்தவர்கள் சுட்டனர். அவர் பின்வாங்கவில்லை, சுற்றிவளைத்துப் பின்புறமிருந்து பாய்ந்தார். கைகலப்பு. மார்பில் குண்டு. சுட்டவனின் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டார். இரத்தம் வழிய வழியக் கட்டளைகள் இட்டபடியே உயிர் விட்டார். எதிர்த்தரப்பில் ஐவர் மாண்டனர். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு இராக்கெட் ஏவிகளும் பிடிபட்டன. வயது 41. அந்தப் போருக்கென வழங்கப்பட்ட ஒரே பரம் வீர் சக்கரம் அவருடையது.

தமிழ் மண்ணில், தமிழர் துப்பாக்கிக்குத் தமிழர் பலி! கையெழுத்திட்ட மேசைகளை எந்தக் குண்டும் தொடவில்லை.

ஏறத்தாழ 1,200 பேரை இழந்து, 1990 மார்ச்சில் படை முழுவதும் திரும்பியது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களை வரவேற்க முதலமைச்சர் கலைஞர் செல்லவில்லை. ஈழத் தமிழர் சிந்திய இரத்தம் அன்று தமிழ்நாட்டு நெஞ்சில் ஆறாதிருந்தது. அந்தச் சினம் டில்லியின் முடிவின் மேல் பாய்ந்திருக்கவேண்டியது. கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாயும் அதைச் சுமந்தான்.

சாலிகிராமத்தில், ஆற்காடு சாலையில், இராணுவத்தார் குடியிருப்பு ஒன்றின் பெயர் பரமேசுவரன் விகார்.