சிபில் கார்த்திகேசு யார்? ஜப்பான் காலத்தில் பின்வாசலைத் திறந்து வைத்த ஒரு தாயின் கதை

பங்சாரில் எல்ஆர்டி ஏறி டாங் வாங்கியில் இறங்கினால், கொஞ்ச தூரம் மேடு ஏறி புக்கிட் நானாஸ் புனித யோவான் பேராலயத்துக்குப் போய்விடலாம். கிறிஸ்துமஸ் நேரத்தில் வாசலில் நின்று நம்மில் பலர் படம் எடுத்திருப்போம். 1919 ஜனவரி 7ஆம் தேதி அந்த மேட்டில் இருந்த கோயிலில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தைப்பிங்கில் பிறந்த தமிழ் டாக்டர். பொண்ணு ஐரிஷ் வம்சாவளி கலந்த யூரேசியப் பெண், 19 வயது, மருத்துவச்சி.

அந்தப் பெண்தான் சிபில் கார்த்திகேசு. ஸ்கூல் சரித்திரப் புத்தகத்தில் ஓரிரு வரி படித்திருப்பீர்கள். 2016 செப்டம்பர் 3 அன்று கூகுள் முகப்பில் அவர் படம் வந்தபோது, இது யாரு என்று தேடியவர்களும் உண்டு. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'கதிகாசு' என்று வாசிக்கிறோம். அது நம்ம ஊர் கார்த்திகேசுதான், ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பியதில் கொஞ்சம் மாறிவிட்டது.

போர்க்கால வீராங்கனை என்று அவரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இங்கே பார்க்கப்போவது வேறொரு பக்கம்: கத்தோலிக்க நம்பிக்கை உள்ள ஒரு அம்மா, அன்றாட வீட்டு வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் நடுவில் அந்த நம்பிக்கையை எப்படி வாழ்ந்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பது.

கல்யாணமே ஒரு சிக்கல்

சிபில் பிறந்தது 1899இல், சுமத்ராவின் மேடான் நகரில். அதனால்தான் சிபில் மேடான் டேலி என்று பெயர். அம்மாவும் மருத்துவச்சி. சிபில் தாதிப் பயிற்சி முடித்தார், கண்டோனீஸ் சரளமாகப் பேசுவார். இந்த மொழி பின்னால் ரொம்ப முக்கியமாகப் போகிறது.

மாப்பிள்ளை இந்து, பொண்ணு கத்தோலிக்கர். பொண்ணு வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் அப்பா சம்மதம் சொன்ன பிறகுதான் காரியம் நடந்தது. ஆறுமுகம் என்ற பெயரோடு பிறந்தவர் டாக்டர் அப்டன் கிளெமென்ட் கார்த்திகேசு ஆனார். ஊருக்கு டாக்டர் ஏ.சி.

அதே வருஷம் முதல் மகன் பிறந்தான். மைக்கேல் என்று பெயர் வைத்தார்கள். 1915இல் கலிப்போலி போரில் இறந்துபோன சிபிலின் அண்ணன் பெயர் அது. பிரசவத்தில் ஏற்பட்ட சிக்கலால் குழந்தை 19 மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கப் படித்த பெண்ணுக்கு இப்படி. அதன் பிறகு வில்லியம் பிள்ளை என்ற சிறுவனைத் தத்தெடுத்தார்கள். 1921இல் ஒல்கா பிறந்தாள். அந்த ஆண்டே குடும்பம் ஈப்போவுக்குப் போனது. புருஸ்டர் ரோட்டில் கிளினிக் நடத்தத் தொடங்கியது 1926இல். கடைக்குட்டி டான் பிறந்தது 1936இல்.

இருபது வருஷம் வைத்தியம், குழந்தைகள், கோயில். எழுத வேறொன்றும் இல்லாத இருபது வருஷம். ஆனால் பின்னால் நடந்ததற்கெல்லாம் கை பழகியது இந்தக் காலத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது கதவைத் தட்டினால் எழுந்து போகிற பழக்கம் ஒரு மருத்துவச்சிக்கு ஒரே நாளில் வருவதில்லை.

பாப்பானில் என்ன நடந்தது?

1941 டிசம்பரில் ஜப்பான் படை வடக்கிலிருந்து இறங்கியது. ஈப்போ மேல் குண்டு விழுந்தது. ஈப்போவிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கும் பாப்பான் என்ற ஈயச் சுரங்க ஊருக்குக் குடும்பம் இடம்பெயர்ந்தது. மெயின் ரோட்டில் 74ஆம் எண் கடைவீடு. முன்பக்கம் மருந்தகம்.

நம் தாத்தா பாட்டி 'ஜப்பான்காரன் காலம்' என்று சொல்வார்களே, அதுதான். அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. தோட்டத்துத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சீனர்கள் பலர் காட்டுக்குள் போய், மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படையில் சேர்ந்தார்கள்.

பகலில் சிபில் ஊர் மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். இருட்டிய பிறகு பின்வாசல் வழியாக வேறு நோயாளிகள் வந்தார்கள்: குண்டடி பட்ட, மலேரியாவில் நடுங்குகிற கெரில்லாக்கள். கண்டோனீஸ் தெரிந்ததால் அவர்களோடு நேராகப் பேச முடிந்தது. டாக்டர் ஏ.சி. அறுவை சிகிச்சையும் செய்தார். வீட்டுக்குள் சிற்றலை வானொலியில் பிபிசி கேட்டு, போர்ச் செய்தியை நம்பகமானவர்களுக்குச் சொன்னார்கள். வானொலிப் பெட்டியை மாடிப்படிக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார்கள். பிடிபட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கெரில்லாப் படை கம்யூனிஸ்ட் கட்சியின் கையில் இருந்தது. கடவுளே இல்லை என்று சொல்கிற கட்சி. இந்த அம்மாவோ ஜெபமாலை சொல்கிறவர். அந்தக் காலத்துத் திருச்சபை கம்யூனிசத்தை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அப்படியும் பின்வாசல் மூடவில்லை. காயம் பட்டவன் எந்தக் கட்சி என்று பார்த்துக் கட்டுப் போடுகிற மிஸ்ஸி அவர் இல்லை.

டான்

1943இல் குடும்பம் பிடிபட்டது. முதலில் டாக்டர், பிறகு சிபில். மகன் வில்லியமும் தப்பவில்லை. எதிரி உளவாளிகளோடு சேர்ந்து வேவு பார்த்தது, சட்டவிரோதக் கும்பலுக்கு வைத்தியம் பார்த்தது, வானொலி வைத்திருந்து செய்தி பரப்பியது என்று மூன்று குற்றச்சாட்டு. கெம்பெய்தாய் என்ற ராணுவப் போலீஸ் பிரிவில் எகியோ யோஷிமுரா என்பவன் விசாரணை நடத்தினான். தண்ணீர் சித்திரவதை, நகக்கண்ணில் ஊசி, காய்ச்சிய இரும்பு. விவரமாக எழுத மனசு வரவில்லை. முதுகெலும்பு சேதமாகி, நடக்க முடியாமல் போனது. அவரிடமிருந்து கெரில்லாக்களின் பெயர் எதுவும் வெளியே வரவில்லை.

பிறகு ஒருநாள் டானைக் கொண்டு வந்தார்கள். ஏழு வயது. குழந்தையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினார்கள். எதிரில் அம்மாவைக் கட்டி வைத்து அடித்தார்கள். பெயர்களைச் சொல், குழந்தையை விடுகிறோம்.

இந்த இடத்தில் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். நானும்தான். சொன்னால் காட்டில் இருப்பவர்களும், பாப்பானில் அவர்களுக்கு உதவிய ஊர்க்காரர்களும் சாவார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். சொல்லாவிட்டால் தன் பிள்ளை. சிபில் சொல்லவில்லை. நினைவுக்குறிப்பில் அவர் எழுதியபடி, டானே அம்மாவைச் சொல்ல வேண்டாம் என்றாள். ஒரு ஜப்பானிய அதிகாரி குறுக்கிட்டுக் குழந்தையை இறக்கிவிடச் சொன்னார். டான் பிழைத்தாள்.

அந்த அதிகாரி வராமல் இருந்திருந்தால்? வீரக் கதையாகச் சொல்லும்போது இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஒரு தாய்க்கு இப்படித் துணிய உரிமை உண்டா என்று கேட்பவர்களைத் தப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவருடைய நினைவுக்குறிப்பில் ஜெபம் திரும்பத் திரும்ப வருகிறது. அது வலியைக் குறைத்ததாக அல்ல, வலிக்குள் பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்ததாக வருகிறது.

சிபிலுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பத்து காஜா சிறையில் இருந்தார்.

அப்படியென்றால் இவர் புனிதரா?

இல்லை. திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டமோ அருளாளர் பட்டமோ கொடுக்கவில்லை. புனிதம் என்றாலே மடம், சாமியார், கன்னியாஸ்திரி என்று நினைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஆவணம் ஒன்று, புனித வாழ்வு எல்லாருக்குமான அழைப்பு, கல்யாணம் ஆனவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது பொருந்தும் என்று தெளிவாகச் சொன்னது. 2004இல் ஜியானா மோல்லா என்ற இத்தாலிய டாக்டரும் தாயுமானவர் புனிதரானார். கன்னியாகுமரி மாவட்டத்து தேவசகாயம் பிள்ளை, குடும்பஸ்தர், 2022இல் புனிதரானார். சிபில் இறந்தது இதற்கெல்லாம் முன்னால். அவருக்குக் கல்யாணமும் கிளினிக்கும் பிள்ளைகளும் தெரியும், அவற்றைச் செய்தார்.

கடைசியில்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. விடுதலையான சிபிலைச் சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். யோஷிமுராவுக்குப் போர்க் குற்ற நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிரிட்டிஷ் அரசு சிபிலுக்கு வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. லண்டனில் அரண்மனையில் அதை வாங்கிய சில மாதங்களில், 1948 ஜூன் 12 அன்று, ஸ்காட்லாந்தின் லானார்க் நகரில் இறந்தார். 48 வயது. ஜப்பானியச் சிப்பாய் பூட்ஸ் காலால் தாடையில் உதைத்த காயம், ரத்தத்தில் கிருமி பரவி, உயிரை எடுத்தது.

தேதியைப் பாருங்கள். நான்கே நாள் கழித்து, ஜூன் 16 அன்று, அதே பேராக்கில் சுங்கை சிப்புட்டில் தோட்ட மேலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கியது. பதக்கம் கொடுத்த அரசுக்கு, அவர் கட்டுப் போட்ட கெரில்லாக்கள் இப்போது எதிரிகள். அவர் பேரை எப்படிச் சொல்வது என்று இரண்டு பக்கத்துக்கும் பல காலம் சரியாகத் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இங்கிலாந்தில் இருந்தபோது எழுதிய நினைவுக்குறிப்பு, 'நோ டிராம் ஆஃப் மெர்சி', அவர் இறந்த பிறகு 1954இல்தான் புத்தகமாக வந்தது.

முதலில் லானார்க்கில் அடக்கம் செய்தார்கள். 1949இல் உடல் ஊருக்குத் திரும்பியது. ஈப்போவில் மக்கள் பெருங்கூட்டமாக வந்து வழியனுப்ப, புனித மைக்கேல் கோயில் பக்கத்துக் கத்தோலிக்கக் கல்லறையில் புதைத்தார்கள். அந்தக் கோயில் இருப்பது பழைய புருஸ்டர் ரோட்டில், இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில். கிளினிக் இருந்த அதே ரோடு. ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலையும் உண்டு. பாப்பான் 74ஆம் எண் வீடு நினைவிடமாக இருக்கிறது. பங்சாரிலிருந்து கிளம்புகிறவர்கள் கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் பிடித்து ஈப்போவில் இறங்கலாம். பாப்பானுக்கு அங்கிருந்து கார் எடுத்துக்கொள்வது நல்லது. முன்வாசலோடு நிற்காமல் வீட்டின் பின்பக்கத்தையும் போய்ப் பாருங்கள்.