இந்திய வீரர்களிடையே உயிர்நீத்த தண்டுவட அறுவை மருத்துவர்

புது தில்லி: முதல் உலகப் போரில் உயிர்நீத்த இந்திய வீரர்களின் நினைவாகத் தில்லியில் எழுப்பப்பட்ட இந்தியா கேட் வளைவின் கல்வெட்டில் மெசபடோமியா என்ற பெயரும் உண்டு. இன்றைய இராக்கில் இருந்த அந்தப் போர்முனையில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். அவர்களுக்கு மருந்தும் மருத்துவமனைப் படகுகளும் போதாமல் இருந்த 1916 கோடையில், அமாரா முகாமில் கடும் வெப்பத்துக்குப் பலியானார் சர் விக்டர் ஹார்ஸ்லி. தண்டுவடத்தை நெரித்த கட்டியை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றியவர் அவர்.

1857-இல் லண்டனில் ஓவியர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஹார்ஸ்லி, 1886-இல் குயின் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் அறுவை மருத்துவரானார். மறு ஆண்டு ஜூன் மாதம், சுமார் மூன்றாண்டுகள் முதுகுவலியால் துடித்து, இரு கால்களும் செயலிழந்த 42 வயது நோயாளி ஒருவரை நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் அவரிடம் ஒப்படைத்தார். எக்ஸ்-ரே கண்டுபிடிக்க இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. வலி எங்கே தோன்றுகிறது, தொடு உணர்வு உடலில் எந்த மட்டத்தில் அற்றுப்போகிறது என்பதைக் கொண்டே கட்டி இருக்கும் இடத்தைக் கவர்ஸ் கணித்திருந்தார்.

முள்ளெலும்பின் பின்வளைவுகளை நீக்கிப் பார்த்தபோது கட்டி தென்படவில்லை. அத்தோடு தைத்து முடித்திருந்தால் அந்த மனிதர் படுக்கையிலேயே மடிந்திருப்பார். ஹார்ஸ்லி மேலும் மேல்நோக்கித் திறந்தார். தண்டுவட உறைக்குள், பாதாம்பருப்பு போன்ற மென்திசுக் கட்டி அகப்பட்டது. ஓராண்டுக்குள் நோயாளி நடந்து, பணிக்கும் திரும்பினார்.

நோயைக் கணிப்பவரும் கத்தியைப் பிடிப்பவரும் இணைந்து நின்ற அந்த முறையே இன்று விரிந்துள்ளது. முதுகெலும்பை ஒட்டி வளரும் அரிய மென்திசுக் கட்டிகளுக்கு நரம்பு, எலும்பு, மார்பு அறுவை மருத்துவர்களும் கதிரியக்க, புற்றுநோய், திசு ஆய்வு வல்லுநர்களும் கூடித் திட்டமிட்ட பின்னரே அறுவை நடைபெறுகிறது.

ஹார்ஸ்லிக்கு அரசியலும் இருந்தது. மதுவை எதிர்த்தார், பெண்களுக்கு வாக்குரிமை கோரினார். லிபரல் கட்சி சார்பில் நாடாளுமன்றம் செல்ல விரும்பியும், அந்தக் கொள்கைப் பிடிவாதமே அவருக்குத் தடையாயிற்று. இத்தகையோரைக் கட்சிகள் தள்ளிவைப்பது நம் நாட்டுக்கும் புதிதன்று.

போர் மூண்டதும், ஐம்பது வயதைக் கடந்த நிலையிலும் தாமாக முன்வந்து ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். எகிப்தில் பணியாற்றிய பின் மெசபடோமியாவுக்குச் சென்றார். அங்கு நிலவிய மருத்துவச் சீர்கேட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். 1916 ஜூலை 16-ஆம் தேதி, 59-ஆவது வயதில் காலமானார்.

அடுத்த மாதமே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விசாரணை ஆணையம் அமைத்தது. 1917-இல் வெளியான அதன் அறிக்கை, போரை நடத்திய இந்திய அரசைக் கடுமையாகச் சாடியது. இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின் ஜூலையில் பதவி விலக, மாண்டேகு பொறுப்பேற்றார். இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி வழங்கப்படும் என்ற அறிவிப்பு அடுத்த மாதமே வெளியாயிற்று. ஹார்ஸ்லியின் கல்லறை அமாராவிலேயே உள்ளது.