ரமணர் குரலுக்கு ஒலிப்பதிவே இல்லை... வீட்டில் பாட்டு பதிவு செய்ய நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

திருவண்ணாமலை செங்கம் சாலையில் இருக்கிறது ரமணாசிரமம். மாலை நேரத்தில் உள்ளே போனால் தமிழ்ப் பாராயணம் கேட்கும். அங்கே பாடப்படுபவை ரமண மகரிஷி எழுதிய பாடல்கள். ஆனா அவற்றை அவர் குரலில் கேட்க முடியாது.

அவர் 1950 வரை வாழ்ந்தவர். புகைப்படங்கள் நிறைய இருக்கு. அவர் நடந்து வரும் அசையும் படமும் இருக்கு. அதில் சத்தம் கிடையாது. அவர் குரல் பதிவு செய்யப்படவே இல்லை.

அப்படியென்றால் அவர் பாட்டும் பேச்சும் நமக்கு எப்படி வந்து சேர்ந்தது? வீட்டில் பாட்டு பதிவு செய்ய ஆரம்பிப்பவர்களுக்கு அதில் என்ன பாடம் இருக்கு? பார்க்கலாம்.

யார் இந்த ரமணர்?

1879 டிசம்பர் 30-ம் தேதி, இப்போதைய விருதுநகர் மாவட்டம் திருச்சுழியில் பிறந்தவர் வேங்கடராமன். தந்தை சுந்தரம் ஐயர், தாய் அழகம்மாள். எடிசன் அமெரிக்காவில் போனோகிராப் கருவியை உருவாக்கி அப்போது 2 ஆண்டுகள்தான் ஆகியிருந்தது.

தந்தை 1892-ல் இறந்தார். வேங்கடராமன் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார். 1896-ல், 16 வயதில், திடீரென மரண பயம் வந்தது. அதை அவர் நேருக்கு நேர் ஆராய்ந்து பார்த்தார். அந்த அனுபவம் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது.

அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினார். 1896 செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அதன்பின் கடைசி வரை அந்த ஊரை விட்டுப் போகவில்லை.

பேசாதவர் பதில் சொன்னது எப்படி?

ஆரம்ப ஆண்டுகளில் ரமணர் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தார். மலைமேல் விருபாட்ச குகையில் இருந்தபோது, வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை கேள்விகளோடு வந்தார். ரமணர் பதில்களை எழுதிக் காட்டினார். பிள்ளை அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டார். சுமார் 20 வருஷம் கழித்து, 1923-ல் அது நான் யார் என்ற நூலாக வெளிவந்தது.

அன்று பிள்ளையிடம் பெரிய வசதி எதுவும் இல்லை. கைக்குக் கிடைத்ததில் உடனே எழுதி வைத்தார். அதனாலதான் அது இன்றும் இருக்கு.

பிச்சைக்குப் போனவர்களின் அடையாளப் பாட்டு

குகையில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு ஊருக்குள் பிச்சை எடுத்துத்தான் வந்தது. ரமணரின் அடியார்கள் என்று சொல்லி வேறு சிலரும் முந்திப் போய் வாங்கத் தொடங்கினார்கள். அதனால் தங்களுக்கென ஒரு பாட்டு வேண்டும் என்று அடியார்கள் கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் 108 கண்ணிகள் கொண்ட அருணாசல அட்சரமணமாலை.

தெருவில் அந்தப் பாட்டு கேட்டாலே யார் வருகிறார்கள் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். பாடியவர்களிடமிருந்து கேட்டவர்களுக்குப் போய், வாய்வழியாகவே பாட்டு பரவியது.

அப்போ ஏன் யாரும் பதிவு செய்யல?

இந்தியாவில் கிராமபோன் கம்பெனியின் முதல் ஒலிப்பதிவுகள் 1902-ல் கல்கத்தாவில் நடந்தன. ஆனா ரமணர் வாழ்ந்த காலம் முழுக்க ஒலிப்பதிவு என்பது கம்பெனிகளின் வேலை. பெரிய கருவி, அதை இயக்கத் தெரிந்த ஆள், நிறைய செலவு எல்லாம் வேண்டும். 1930-களில் ஜெர்மனியில் வந்த டேப் ரெக்கார்டர், நம்ம ஊர் வீடுகளுக்கு வர பல வருஷம் ஆனது.

இதற்கிடையே 1922-ல் தாய் அழகம்மாள் இறந்தார். அவர் சமாதியைச் சுற்றித்தான் ஆசிரமம் வளர்ந்தது. 1934-ல் வெளியான பால் பிரண்டனின் புத்தகம் ரமணரை வெளிநாட்டவர்களிடம் கொண்டு சேர்த்தது. கூட்டம் கூடியது. பதிவு செய்யும் வேலையைச் செய்தது நோட்டுப் புத்தகங்கள்தான்.

முனகால வேங்கடராமையா 1935 முதல் 1939 வரை நடந்த உரையாடல்களை ஆங்கிலத்தில் எழுதினார். பின்னர் தேவராஜ முதலியாரும் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதினார். சூரி நாகம்மா தன் அண்ணனுக்குத் தெலுங்கில் கடிதங்கள் எழுதினார்.

இவர்கள் இல்லையென்றால் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். ஆனால் இதில் ஒரு இழப்பும் இருக்கு. ரமணர் தமிழில் பேசிய பல வாக்கியங்கள் ஆங்கிலம், தெலுங்கு வழியாகச் சுற்றித்தான் தமிழருக்குத் திரும்ப வந்தன. சொன்ன விஷயம் நிலைத்தது. ஆனா அவர் எங்கே நிறுத்தினார், எங்கே சிரித்தார், எந்த ஏற்ற இறக்கத்தில் சொன்னார் என்பதெல்லாம் போய்விட்டது.

கடைசி நாள்

1948-ல் ரமணரின் இடது கையில் கட்டி வந்தது. பலமுறை அறுவை சிகிச்சை செய்தும் குணமாகவில்லை. 1950 ஏப்ரல் 14-ம் தேதி இரவு 8.47 மணிக்கு அவர் காலமானார். அப்போது வெளியே கூடியிருந்தவர்கள் பாடிக்கொண்டிருந்தது அதே அட்சரமணமாலைதான்.

இப்போ வீட்டில் பதிவு செய்ய எந்த மென்பொருள்?

பாட்டியின் தாலாட்டு, தாத்தாவின் தேவாரம், குழந்தையின் முதல் கீர்த்தனை. எதுவாக இருந்தாலும் இன்று கம்பெனியைத் தேட வேண்டாம். கையில் என்ன கருவி இருக்கிறதோ, அதை வைத்தே தேர்வு செய்யுங்கள்.

போன் மட்டும் இருந்தால்: முதலில் போனில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரே போதும். சுருதி, தாளம், குரல் என்று தனித்தனி அடுக்காகச் சேர்க்க வேண்டுமானால் பேண்ட்லேப் செயலி இருக்கு. இலவசமாகவே தொடங்கலாம், கணக்கு தொடங்க வேண்டும்.

ஐபோன், ஐபேட், மேக் இருந்தால்: ஆப்பிளின் கராஜ்பேண்ட் இலவசம். பல அடுக்குகள், இசைக்கருவிகள் எல்லாம் அதிலேயே இருக்கு. ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் இது கிடைக்காது.

விண்டோஸ் அல்லது லினக்ஸ் கணினி இருந்தால்: ஆடாசிட்டி. முழுக்க இலவசம், கணக்கு தேவையில்லை. மேக்கிலும் ஓடும். பதிவு செய்ய, வெட்ட, இரைச்சலைக் குறைக்க வசதி உண்டு.

காசு கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள்களை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். முதல் சில பதிவுகளுக்குப் பிறகுதான் நமக்கு என்ன குறைகிறது என்றே தெரியும்.

இதையெல்லாம் மறக்காதீங்க

பதிவின்போது ஃபேனை அணையுங்கள். சுருதியை ஹெட்போனில் கேட்டபடி பாடினால் குரல் மட்டும் தனியாகப் பதியும். திரையில் ஒலி அளவு சிவப்பைத் தொட்டால் குரல் உடைந்திருக்கும், அளவைக் குறைத்துவிட்டு மறுபடி பாடுங்கள்.

மூலப் பதிவை வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்.பி.3 போதும். யார் பாடியது, எந்த ஊர், என்ன தேதி என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். போனைத் தவிர இன்னொரு இடத்திலும் ஒரு நகல் இருக்கட்டும்.

எந்த மென்பொருள் சிறந்தது என்று தேடிக்கொண்டே ஆறு மாதம் தள்ளிப்போட்டால், பாட வேண்டியவர் அதுவரை பாடும் நிலையில் இருப்பார் என்று உறுதி இல்லை. இன்று மாலையே ஒரு பாட்டைப் பதிவு செய்துவிடுங்கள்.