முயல் கதைக்காரர் பார்த்த காளான் தூள்

நீலக் கோட்டு போட்ட பீட்டர் முயலை உங்களில் சிலர் படத்துல பார்த்திருப்பீங்க. தோட்டத்துக்குள்ள திருட்டுத்தனமா நுழைஞ்சு முள்ளங்கி தின்னுமே, அந்த முயல்தான். அந்தக் கதையை எழுதி, படமும் வரைந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பியாட்ரிக்ஸ் பாட்டர். கதைப் புத்தகம் போடுறதுக்கு முன்னாடி அவர் பல வருஷம் காளானையே சுற்றிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது.

1866 ஜூலை 28-ல் லண்டனில் பிறந்தார். வசதியான வீடு. ஆனால் பள்ளிக்கூடம் அனுப்பவே இல்லை! தம்பியை மட்டும் பள்ளியில் சேர்த்தாங்க. அவருக்கு வீட்டுக்கே டீச்சர் வந்தாங்க. மாடி அறையில் முயல், தவளை, முள்ளெலி என்று வளர்த்து, பார்த்துப் பார்த்து வரைந்தார். யாருக்கும் புரியாத ரகசிய எழுத்தைத் தானே உண்டாக்கி டைரி எழுதினார். அந்த எழுத்தின் சூட்சுமம் 1958-ல்தான் ஒருத்தருக்குப் பிடிபட்டது. (நானும் அது மாதிரி எழுதிப் பார்த்தேன். மறுநாள் எனக்கே படிக்க வரலை.)

லீவுக்கு ஸ்காட்லாந்து போகும்போது காட்டில் காளான் பொறுக்குவார். அங்கே சார்லஸ் மெக்கின்டோஷ் என்று ஒருவர் இருந்தார். தபால்காரராக இருந்தவர். தினமும் நடந்து நடந்தே செடி, பாசி, காளான் எல்லாம் கற்றுக்கொண்டவர். 1892-ல் இருவரும் பேசிக்கொண்டாங்க. அப்புறம் அவர் காளானைத் தபாலில் லண்டனுக்கு அனுப்புவார், இவர் வரைந்து ஒரு படம் அவருக்கும் அனுப்புவார். காளான் வாடுறதுக்குள்ள வரையணுமே, எவ்வளவு அவசரம் இருந்திருக்கும்!

அழகா வரைஞ்சதோட அவர் நிறுத்தவில்லை. காளானுக்குப் பூ கிடையாது, விதை கிடையாது. குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் இடத்திலிருந்து மெல்லிய தூள் கொட்டும். அதுதான் ஸ்போர். ஒரு ஸ்போரின் நீளம் சுமார் 0.01 மில்லிமீட்டர். அவர் 600 மடங்கு பெரிதாக்கி வரைந்தார். அப்படியானால் 6 மில்லிமீட்டர், அதாவது ஒரு அரிசி அளவு! ஸ்போரை ஈரமான கண்ணாடியில் வைத்து, முளைக்குதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தார். அதிலிருந்து நூல் மாதிரி ஒன்று நீண்டு, கிளை விட்டது. அதை அப்படியே வரைந்தார். உலகத்திலேயே முதல் ஆள் அவர் இல்லைதான். ஜெர்மனியில் பிரெஃபெல்ட் என்ற அறிஞர் முன்னாடியே செய்திருந்தார். ஆனால் பள்ளிக்கூடமே போகாதவர், வீட்டிலேயே உட்கார்ந்து, தன் கண்ணால் பார்த்தது இது.

1896-ல் அவருடைய மாமா முறையான ராஸ்கோ என்ற வேதியியல் அறிஞர் அவரைக் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே இயக்குநராக இருந்தவர் இவர் சொன்னதைப் பெரிசா எடுத்துக்கலை. இவர் விடலை. ஸ்போர் முளைப்பதைப் பற்றிக் கட்டுரையே எழுதிவிட்டார். 1897 ஏப்ரல் 1-ல் அது லண்டனில் லின்னேயன் சங்கத்தின் கூட்டத்துக்குப் போனது. கட்டுரை போனது, அவர் போகவில்லை. ஏன்னா அந்தக் கூட்டத்துக்குப் பெண்கள் வரக்கூடாது! கியூவில் வேலை பார்த்த ஜார்ஜ் மாசிதான் அவருக்காகச் சமர்ப்பித்தார். இதைப் படிச்சப்போ எனக்குக் கோபமா வந்தது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் யார் பதில் சொல்றது? ராத்திரி பகலா பார்த்தவர் வீட்டில் இருக்கார்.

இன்னும் திருத்தணும் என்று கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அது அச்சாகவே இல்லை. இன்றைக்கு அந்தக் கட்டுரையின் ஒரு பிரதிகூடக் கிடைக்கலை. 1904-ல் அதே சங்கம் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்போ அவர் கதைப் பக்கம் போய்விட்டார். பீட்டர் முயல் 1902-லேயே புத்தகமாக வந்தாச்சு. அந்தக் கதையும், உடம்பு சரியில்லாத ஒரு குட்டிப் பையனுக்கு 1893-ல் எழுதிய கடிதத்திலிருந்து வந்ததுதான். அந்தப் பையன் அவருடைய பழைய டீச்சரோட மகன். புத்தகக் காசில் பண்ணை வாங்கி, ஆடு வளர்த்து, 1943 டிசம்பர் 22-ல் இறந்தார். 4000 ஏக்கருக்கும் மேல் நிலத்தைத் தேசிய அறக்கட்டளைக்கு விட்டுப் போனார்.

கட்டுரை போனாலும் காளான் படங்கள் போகலை. ஆம்பிள்சைடு என்ற ஊரின் நூலகத்துக்கு அவரே கொடுத்திருந்தார். 1967-ல் ஃபின்ட்லே என்ற அறிஞர் எழுதிய காளான் புத்தகத்தில் 59 படங்கள் அச்சாயின. 1997-ல் லின்னேயன் சங்கமும், அவரை நடத்திய விதம் சரியில்லை என்று ஒத்துக்கொண்டது. கட்டுரை போய்ச் சரியா நூறு வருஷம் கழிச்சு!

மழை பெய்ததும் நானும் வைக்கோல் போர் பக்கத்தில் ஒரு காளான் எடுத்து, குடையை மட்டும் கிள்ளி, வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே டம்ளர் மூடி வைத்தேன். காலையில் எடுத்தால் சக்கரம் மாதிரி பழுப்பு நிறக் கோடுகள்! நம்ம பள்ளி மைக்ராஸ்கோப்பில் 100 மடங்குதான் தெரியும் என்பதால் ஸ்போர் எல்லாம் புள்ளியாத்தான் தெரிஞ்சுது. அந்தத் தாள் அறிவியல் அறை மேசையில் இருக்கு. வந்து பாருங்க. பக்கத்துல நின்னு தும்மிடாதீங்க.